பின் சக்கரத்துக்கு நீள ஸ்டட்

காரின் பின் சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் ஒன்றைச் செருகினால், நட்டுக்குள் ஏறும் மரையில் மூன்றேகால் சுற்றுக்கு மேல் குறைந்துவிடும். கணக்கு எளிதுதான். ஹோண்டா சிட்டியில் ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும் மரைத் தண்டு, 12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி. ஐந்தை ஒன்றரையால் வகுத்தால் விடை வந்துவிடும். முன்பு ஒன்பது சுற்று ஏறிய நட்டு, ஸ்பேசர் போட்ட பிறகு ஆறு சுற்றுகூட முழுதாக ஏறாது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கம்பெனி நட்டுகள் தலை மூடியவை. உள்ளே எவ்வளவு மரை பிடித்திருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அகல டயரும் அலாய் வீலும் ஸ்பேசருமாகத் தில்லிச் சாலைகளில் ஓடும் கார்களில், பழைய ஸ்டட்டை மாற்றாமலே விட்டவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்பேசர் விற்ற கடைக்காரர் ஸ்டட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். வாங்கியவரும் கேட்டிருக்க மாட்டார்.

நான் இங்கே எழுதுவது 2012 மாடல் ஹோண்டா சிட்டி ஒன்றின் பின் ஹப்புகளில் செய்த வேலையை வைத்து. பின்பக்கம் டிரம் பிரேக், 100 மி.மீ. வட்டத்தில் நான்கு ஸ்டட்டுகள். கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத்தா சர்வதேச பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக அகலமான வீல் மாட்டியபோது, பின் டயரின் உள்விளிம்பு ஷாக் அப்சார்பருக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதை வெளியே தள்ளத்தான் 5 மி.மீ. ஸ்பேசர். 2011 அக்டோபரில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்த தடம் அது; கோவை நரேன் கார்த்திகேயன் அந்தப் பந்தயத்தில் ஓட்டி 17-ஆவதாக முடித்தார். 5.125 கி.மீ. நீளத்தில் 16 திருப்பங்கள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு நேர்பாதை, அதன் முடிவில் கடுமையான பிரேக். மரை குறைந்த ஸ்டட்டோடு போகக்கூடாத இடம்.

கையை அழுக்காக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காரின் எடை ஸ்டட்டின் மீது தொங்குவதில்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் இம்மியளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசை வீலை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. வீல் நழுவாமல் நிற்பது அந்த அழுத்தத்தால் எழும் உராய்வினால்தான். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை அழுத்திப் பிடிப்பதைப் போல. சிட்டியின் நட்டுக்கு ஹோண்டா சொல்லும் முறுக்கம் 108 நியூட்டன் மீட்டர். பழைய கணக்கில் 11 கிலோகிராம் மீட்டர், பவுண்டு-அடியில் 80. காய்ந்த மரையில் இந்த முறுக்கம் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறத்தாழ நாலரை டன் இழுவிசையை உண்டாக்கும். நான்கு ஸ்டட்டுக்குச் சேர்த்து 18 டன். ஒரு டன்னைச் சற்றே தாண்டும் காருக்கு இது போதுமானதைவிட அதிகம் என்று தோன்றலாம். ஆனால் குழியில் விழும்போதும் வளைவில் முழு எடையும் ஒரு பக்கம் சாயும்போதும் அந்த உபரிதான் காப்பாற்றுகிறது. அழுத்தம் குறைந்தால் வீல் நூலளவு நகரத் தொடங்கும். நகர்ந்தால் ஸ்டட் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிரும். வளைந்து நிமிரும் எஃகு ஒருநாள் முறியும்.

மரைக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு பிடித்திருக்க வேண்டும் என்பது. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு 12 மி.மீ. மரை. 1.5 இடைவெளியில் அது எட்டு முழுச் சுற்று. மாருதியின் ஸ்டட்டுகள் பெரும்பாலும் 1.25 இடைவெளி என்பதால் அங்கே பத்துச் சுற்று. இதைக் கையாலேயே எண்ணிவிடலாம். நட்டை விரலால் ஏற்றி, அது வீலைத் தொடும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைக்குக் குறைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கார் தில்லிப் போக்குவரத்துக் காவலர் கண்ணில் பட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காப்பீட்டு நிறுவனமும் கேள்வி கேட்கும். பந்தயத் தடத்துக்கென்று ஒரு செட் வீல், சாலைக்கென்று கம்பெனி வீல் என்று பிரித்து வைத்துக்கொள்வதே நல்லது. அழகுக்காக மட்டும் வீலை வெளியே தள்ள நினைப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சாமான் வாங்க காஷ்மீரி கேட். மெட்ரோவின் மூன்று வழித்தடங்கள் சேரும் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், நாட்டின் மிகப் பெரிய மோட்டார் உதிரிபாகச் சந்தைகளில் ஒன்றுக்குள் நுழைந்துவிடலாம். ஒவ்வொரு கடையும் ஒரு வகைப் பொருளுக்கு: ஒன்றில் கிளட்ச், ஒன்றில் பேரிங், ஒன்றில் நட்டு போல்ட் மட்டும். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலும் பூட்டியிருக்கும். போகும்போது காரிலிருந்து கழற்றிய பழைய ஸ்டட் ஒன்றும் பழைய நட்டு ஒன்றும் வர்னியர் காலிபரும் கையில் இருக்க வேண்டும். ‘சிட்டிக்கு லாங் ஸ்டட்’ என்று வாயால் கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்து வைப்பார்.

பார்க்க வேண்டிய அளவுகளில் முதலாவது நர்லிங். ஸ்டட்டின் தலைக்குக் கீழே சிறு சிறு பற்களாக வெட்டியிருக்கும் பகுதி அது. ஹப்பின் துளையை அந்தப் பற்கள் கடித்துக்கொண்டு நிற்பதால்தான், நட்டை முறுக்கும்போது ஸ்டட் கூடவே சுற்றுவதில்லை. நர்லிங்கின் விட்டம் துளையைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் ஸ்டட் சுற்றும். ரொம்பப் பெரிதாக இருந்தால் அழுத்தும்போது ஹப்பின் விளிம்பு விரிசல் விடும். பழைய ஸ்டட்டின் நர்லிங்கை அளந்து, அதே விட்டத்தில் வாங்குவதே பாதுகாப்பு. அடுத்து நர்லிங்கின் நீளம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹப் விளிம்பின் தடிமனைவிட நர்லிங் நீளமாக இருந்தால், அது முன்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் டிரம் உட்காரும்போது ஹப்பின் முகத்தோடு ஒட்டாமல் மேலே தூக்கி நிற்கும். எவ்வளவு முறுக்கினாலும் அந்த வீல் சரியாக உட்காராது.

மரை இடைவெளி மூன்றாவது. ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களுக்கு 1.5, மாருதிக்குப் பெரும்பாலும் 1.25. இரண்டும் 12 மி.மீ. என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் நட்டு மற்றதில் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ ஏறி இறுகும். அங்கே நிறுத்தாமல் யாராவது நட்டு முறுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்தால் இரண்டு மரையும் சேர்ந்து அழியும். தலையில் பொறித்திருக்கும் தர எண்ணையும் பாருங்கள். 10.9 என்றால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் வரை அறுபடாது, அதில் தொண்ணூறு சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். 8.8 என்பது அதற்குக் கீழான தரம். வீலுக்கு 10.9-க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். எண்ணைப் பொறிப்பது எளிது, அந்தத் தரத்தைச் செய்வது கடினம் என்பதால், பில் போட்டுத் தரும் கடையில் வாங்குவது அவசியம். பந்தயக்காரர்கள் விரும்பி வாங்கும் அமெரிக்கத் தயாரிப்பான ஏஆர்பி ஸ்டட்டுகள் வரவழைத்தால் கிடைக்கும். விலை அதிகம், போலியும் உண்டு.

சில பந்தய ஸ்டட்டுகளின் முனை தோட்டாவைப்போல் வழுவழுப்பாக, மரை இல்லாமல் இருக்கும். நட்டை அதன்மேல் வைத்தால் தானே நேராகி மரையில் ஏறும். சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்த காலத்தில் அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் இப்படிப்பட்ட நீள ஸ்டட்டுகளோடுதான் ஓடின. 2022-இல் அதன் முதன்மைத் தொடரில் நடுவில் ஒற்றை நட்டு முறைக்கு மாறிவிட்டார்கள். தடத்தில் அவசரமாக வீல் மாற்றுகிறவருக்கு அந்த வழுவழுப்பு முனை பெரிய உதவி.

ஸ்டட்டோடு சேர்த்து நட்டையும் மாற்றியே ஆக வேண்டும். நீள ஸ்டட்டில் பழைய தலை மூடிய நட்டைப் போட்டால், வீலை அழுத்துவதற்கு முன்பே ஸ்டட்டின் முனை நட்டின் கூரையில் இடித்துவிடும். முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 108 காட்டிக் கிளிக் என்று சத்தம் போடும். உண்மையில் வீல் தளர்வாகவே இருக்கும். இதைவிட ஆபத்தான தவறு இந்த வேலையில் இல்லை. இருபக்கமும் திறந்த நட்டு வாங்குங்கள். அதிலும் உட்காரும் வடிவம் முக்கியம். ஹோண்டாவின் கம்பெனி வீலுக்கு நட்டின் அடி பந்துபோல் உருண்டிருக்கும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களுக்குப் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொட்டு நிற்கும். சில நாளில் தளரும்.

இங்கேதான் ஸ்டெப்னி நினைவுக்கு வர வேண்டும். டிக்கியில் இருப்பது கம்பெனி வீல், உருண்டை இருக்கை கொண்டது, ஸ்பேசர் இல்லாமல் மாட்டப்போவது. நெடுஞ்சாலையில் பின் டயர் பஞ்சரானால் அந்த வீலை நீள ஸ்டட்டின்மேல் மாட்ட வேண்டும். புதிய கூம்பு நட்டு அதற்குப் பொருந்தாது. பழைய மூடிய நட்டு முனையில் இடிக்கும். ஆகவே உருண்டை அடியும் திறந்த தலையும் கொண்ட நான்கு நட்டுகளைத் தனியாக வாங்கி ஜாக்கியோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். யமுனா விரைவுச் சாலையில் இரவில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

இனி வேலை. சமதளமான சிமென்ட் தரை வேண்டும். சிட்டி முன்சக்கர இயக்கம் கொண்ட கார். முதல் கியரில் போட்டு, முன் டயர்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தால் நகராது. பின் டிரம்மைக் கழற்ற வேண்டியிருப்பதால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாக வேண்டும். அதனால் கட்டை விஷயத்தில் அலட்சியம் கூடாது. வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

வீல் வந்ததும் டிரம். ஹோண்டாவில் டிரம்மை ஹப்போடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ ஒன்றோ இரண்டோ இருக்கும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் அவற்றின் தலை தேய்ந்துவிடும். சுத்தியால் அடிக்கும்போதே திரும்பும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறும் தில்லிக் கார்களில் டிரம் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருப்பது சகஜம். டிரம்மின் முகத்தில் இரண்டு 8 மி.மீ. மரைத் துளைகள் இருக்கும். அவை இதற்காகவே வைத்தவை. இரண்டு போல்ட்டுகளை அவற்றில் ஏற்றி, மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். விளிம்பில் சுத்தியால் அடிப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பு உடையும், வேண்டாம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிய பையில் போடுங்கள். தில்லியின் காற்றில் நாம் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை.

இப்போது ஹப் கண்ணுக்குத் தெரியும். பின்னாலிருந்து நான்கு ஸ்டட்டுகள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். பலர் இந்த இடத்தில் ஒரு சுத்தியை எடுத்து ஸ்டட்டின் முனையில் ஓங்கி அடித்துப் பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். ஸ்டட் வந்துவிடும். ஆனால் அந்த அடி முழுவதையும் வாங்கிக்கொள்வது ஹப்புக்குள் இருக்கும் பேரிங். அதன் குண்டுகள் ஓடும் பாதையில் சிறு சிறு பள்ளங்கள் விழும். அன்றைக்குத் தெரியாது, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒரு முனகல் சத்தம் கேட்கத் தொடங்கும். அதோடு, ஹப்புக்குப் பின்னால் பிரேக்கின் தாங்கு தகடு இருக்கிறது. பழைய ஸ்டட்டைச் சாய்த்து எடுக்க இடம் கிடைத்தாலும், நீள ஸ்டட்டை அந்த இடுக்கில் நுழைக்க முடியாமல் போகலாம். தகட்டை வளைத்து, வெட்டி இடம் உண்டாக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கைத் தாங்கும் தகட்டில் அப்படிச் செய்வதைவிட, ஹப்பைக் கழற்றிவிடுவதே நேர்மையான வழி.

ஹப்-பேரிங் அசெம்பிளி சில கார்களில் நடுவே ஒரு பெரிய நட்டில் நிற்கும். சிலவற்றில் பின்னாலிருந்து நான்கு போல்ட்டுகளில் நிற்கும். நடு நட்டு வகையில், நட்டின் விளிம்பை ஓர் இடத்தில் உளியால் உள்ளே மடக்கியிருப்பார்கள். அதை நிமிர்த்திக் கழற்றிய பிறகு அந்த நட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது; புதியது வாங்க வேண்டும். ஏபிஎஸ் உள்ள கார்களில் ஹப்பின் உள்விளிம்பில் காந்தப் பட்டை இருக்கலாம். இரும்புத் தூளில் வைக்காமல், காந்தம் பக்கத்தில் கொண்டுபோகாமல், துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் பெரிது. அதன் பின் ஆக்சில் ஒரே தண்டாக இருப்பது. ஸ்டட்டுகள் ஆக்சில் தண்டின் தலையிலேயே இருக்கின்றன. தண்டை உருவினால்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். கியர் ஆயிலும் சீலும் கூடவே செலவு.

கழற்றிய ஹப்பை ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். காஷ்மீரி கேட்டிலும் கரோல் பாக் பக்கமும் லேத்தைக் குறிக்கும் ‘கராத்’ என்று பலகை போட்ட சிறிய பட்டறைகளில் கிடைக்கும். கூலி பெரிதாக இருக்காது. ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. பட்டறை உஸ்தாத்திடம் முதலிலேயே சொல்ல வேண்டியது ஒன்று: பேரிங்கின் மேல் எடை விழக்கூடாது. எந்த ஸ்டட்டை அழுத்துகிறாரோ அந்தத் துளைக்கு நேர் கீழே, ஹப்பின் விளிம்பைத் தாங்கும்படி ஒரு தடித்த குழாய்த் துண்டையோ பெரிய சாக்கெட்டையோ வைக்க வேண்டும். ஹப்பை நடுவில் தாங்க வைத்து ஓரத்தில் அழுத்தினால் விளிம்பு வளையும். அப்புறம் வீல் ஆடும். அந்த ஆட்டத்தை எந்த வீல் பேலன்சிங்கும் சரிசெய்யாது.

பழைய ஸ்டட்டுகள் வெளியே வந்ததும் துளைகளைப் பாருங்கள். உள்ளே பற்களின் தடம் கூர்மையாகத் தெரிய வேண்டும். வழித்து மழுங்கியிருந்தால் அந்தத் துளையில் ஸ்டட் சுற்றியிருக்கிறது. ஹப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஸ்டட் தலையில் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கடினப்படுத்திய எஃகை வெல்டிங் சூட்டில் காட்டினால் அதன் பலம் அந்த இடத்திலேயே போய்விடும். கேட்காதீர்கள். புதிய ஸ்டட்டை நுழைக்கும்போது அதன் பற்களைப் பழைய தடங்களில் பொருத்தித் திருப்பி, நேராக நிற்கிறதா என்று இரு பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு, மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள்.

தலை ஹப்பின் முதுகோடு முழுதாக ஒட்ட வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நடுவில் நுழையக்கூடாது. கொஞ்சம் இடைவெளி விட்டு நின்ற ஸ்டட், நட்டை முறுக்கும்போது அப்போதைக்கு இறுகியதாகத் தோன்றும். தடத்தில் நாலு சுற்று ஓடியதும் மீதித் தூரத்தை நகர்ந்து உள்ளே உட்காரும். அது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும், நாலரை டன் இழுவிசை ஒன்றுமில்லாமல் போய்விடும். வீல் கழன்று ஓடுவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

பிரஸ் கிடைக்காதவர்கள் நட்டால் இழுத்து ஏற்றுவார்கள். முன்பக்கம் தடித்த வாஷர்களை அடுக்கி, இடையில் கொஞ்சம் கிரீஸ் வைத்து, தட்டையான அடியுள்ள நட்டைப் போட்டு, நீளக் கைப்பிடியால் ஒரே சீராக முறுக்கி ஸ்டட்டை இழுக்கும் முறை. கையால் செய்தால் வேலை நடக்கும். காற்றுத் துப்பாக்கியால் செய்தால் எவ்வளவு இழுத்தோம் என்றே தெரியாது. புதிய ஸ்டட் வீலைப் பார்க்கும் முன்பே நீண்டுவிடும். இழுக்கப் பயன்படுத்திய நட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், மரையில் ஒட்டிய கிரீஸையும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

ஹப்பை மறுபடி காரில் ஏற்றி, சர்வீஸ் கையேடு சொல்லும் முறுக்கத்தில் இறுக்கி, நடு நட்டாக இருந்தால் விளிம்பை மடக்கிய பிறகு, டிரம் போடும் முன் ஹப்பைக் கையால் சுற்றுங்கள். புதிய ஸ்டட்டின் தலை பழையதைவிடத் தடிமனாக இருந்தால் பிரேக் ஷூவையோ அதன் ஸ்பிரிங்கையோ உரசும். சத்தம் இல்லாமல், தடை இல்லாமல் சுற்ற வேண்டும். ஹப்பின் முகம், டிரம்மின் இரு முகங்கள், ஸ்பேசர், வீலின் உள்முகம் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவும் பெயின்ட்டும் போகத் தேயுங்கள். நடுவில் மாட்டிய துரு பின்னால் பொடிந்து உதிரும். உதிர்ந்த அளவுக்கு நட்டு தளரும். ஸ்பேசர் போட்ட பிறகு ஹப்பின் நடு உதடு வெளியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்றும் பாருங்கள். வீல் நடுவில் உட்கார அந்த உதடுதான் வழிகாட்டி. ஸ்பேசர் அதை முழுக்க மூடிவிட்டால், தனக்கென ஓர் உதடு உள்ள ஸ்பேசராக வாங்க வேண்டும்.

வீலை மாட்டி, நான்கு நட்டுகளையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். சுற்றுகளை எண்ணுங்கள். எட்டு, அதற்கு மேல். ஸ்டட்டின் முனை நட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அது கண்ணால் காணும் உறுதி. மரையில் எண்ணெய் தடவாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் பலரும் தடவுகிறார்கள், ஆனால் கணக்கு மாறிவிடுகிறது. உராய்வு குறைந்த மரையில் அதே 108 நியூட்டன் மீட்டர் ஆறு டன் வரை இழுத்துவிடும். 10.9 தர ஸ்டட் ஏழு டன் சொச்சம் வரை தாங்கும், 8.8 தரம் ஐந்தை ஒட்டிய இடத்திலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

வீல் சுற்றாதபடி டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கியை இறக்கி, எதிரெதிர் நட்டுகளாக மூன்று கட்டமாக இறுக்குங்கள்: முதலில் 40, பிறகு 80, கடைசியில் 108. பஞ்சர் கடைகளில் ‘டர்ர்’ என்று துப்பாக்கியால் ஏற்றி ஒருமுறை காலால் மிதித்துவிட்டு அனுப்புவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே வேலை வேகத்துக்கு. ஆனால் நீள ஸ்டட் போட்ட காரின் பின் சக்கரத்தை அங்கே கழற்ற நேர்ந்தால், ஏற்றும் வேலையை நீங்களே உங்கள் டார்க் ரெஞ்சால் செய்யுங்கள். இறுக்கிய பிறகு நட்டிலும் வீலிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து தெரியும். பந்தயக் குழுக்கள் கடைப்பிடிக்கும் பழக்கம் இது. பிரேக்கைச் சிலமுறை மிதித்து ஷூக்கள் உட்கார்ந்ததைப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுக் கட்டைகளை எடுங்கள்.

வேலை அன்றோடு முடிவதில்லை. புதிய ஸ்டட், புதிய நட்டு, புதிய ஸ்பேசர் என்று எத்தனை முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்துகின்றனவோ அத்தனையும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு, வீல் நன்றாக ஆறியதும், மறுபடி 108 வைத்துப் பாருங்கள். தடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஆறவிட்டுப் பாருங்கள். புத்தா தடத்திலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு முறை பாருங்கள், ஏனென்றால் வாசலைத் தாண்டியதும் கார்களும் பஸ்களும் அதிவேகமாக ஓடும் விரைவுச் சாலை. உங்கள் வீல் கழன்றால் அது உங்கள் காரோடு நிற்காது. ஸ்பேசர் ஏற்கெனவே போட்டிருப்பவர்கள், இதைப் படித்து முடித்ததும் கீழே இறங்கிப் போய், பின் சக்கரத்தின் ஒரு நட்டை மட்டும் முழுதாகக் கழற்றி, விரலால் ஏற்றி எண்ணிப் பாருங்கள். எட்டுக்கு (1.25 இடைவெளி என்றால் பத்துக்கு) குறைவாக இருந்தால் இன்றைக்கே ஸ்பேசரை எடுத்துவிட்டுக் கம்பெனி வீலை மாட்டுங்கள். ஸ்டட் வாங்க அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.